முற்றிலும் ஏற்கிறேன்

கடைசி டவுன் பஸ்ஸும் போய், தெரு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மட்டும் மிஞ்சிய பிறகு, எங்கள் வீட்டுத் தொட்டிலுக்குள்ளிருந்து வயசான ஆம்பிளை ஒருவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வெற்றிலை போட்டுப் போட்டுத் தடித்த தொண்டை. பேசத் தொடங்கும் முன் இரண்டு தரம் செருமி, மேஜைமேல் காகிதங்களைத் தட்டி அடுக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளும் ஓர் ஆளுடைய செருமல். வீட்டில் நானும் என் மகள் அமலியும் மட்டும்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஜெரால்டு பஸ் கண்டக்டர். அன்றைக்கு அவருக்கு ஸ்டே வண்டி, விடிந்துதான் வருவார். எழுந்து விளக்கைப் போட்டேன். இரண்டு வயசு தாண்டியும் 'அம்மா' என்றுகூட இன்னும் சொல்லியிராத என் பிள்ளை, மூடிய கண் மூடியபடி இருக்க, வாயை மட்டும் திறந்து, அந்த ஆளின் குரலிலேயே, "பார்வை ஒன்றில் காணும் மனுவின் மீது வருவாய் ஆய்வாளரின் அறிக்கை கோரப்பட்டு, இரு நினைவூட்டுகள் அனுப்பப்பட்டும் இதுநாள் வரை அறிக்கை வரப்பெறவில்லை, மூன்றாவது நினைவூட்டு ஒப்பத்திற்காக வைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டு, புரண்டு படுத்து விரலைச் சப்பினாள்.

சுவரில் தொங்கிய ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த வரிகள் எனக்குத் தெரிந்த வரிகள். நாலைந்து நாளுக்கு முன்னால் அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியதே நான்தான்.

முள்ளிச்செவல் தாலுகா ஆபீசில் நான் தட்டச்சர். கம்ப்யூட்டர்கள் வந்தபோது அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே எட்டு மாதம் வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிகளுக்கே சந்தனம் குங்குமம் வைத்தோம். முதுநிலை உதவியாளர் சங்கிலிமுத்து சார், முப்பத்து நாலு வருஷ சர்வீஸ், தன் பங்குக்கு வந்த பெட்டிமேல் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு, "அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நம்ம பாட்டுக்கு நாம இருப்போம்" என்றார். மாவட்டத் தலைநகரில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். எல்லோரும் போய்க் கையெழுத்துப் போட்டு, சாப்பாடு சாப்பிட்டு, ஆளுக்கொரு பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆணை வந்தது: ஏப்ரல் முதல் தேதியிலிருந்து காகிதக் கோப்பு எதுவும் மேலே போகாது, பழைய கோப்புகள் முழுவதும் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும், கடைசி இடத்தில் நிற்கும் ஆபீசின் தாசில்தார் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் முன்னால் நின்றபடியே பதில் சொல்ல வேண்டும். எங்கள் தாசில்தார் ஐயாவுக்கு முழங்கால் வலி. அவரால் நிற்க முடியாது.

"ஏம்மா செலினு" என்று சங்கிலிமுத்து சார்தான் முதலில் வந்தார். "நீ கான்வென்ட்ல படிச்ச பிள்ளை. உனக்கு இங்கிலீசு தண்ணி பட்ட பாடு. என் பேர்ல உள்ளதையும் நீயே தட்டி விட்ரு. எனக்கு அந்த எலியப் புடிச்சாலே கை நடுங்குது."

அவருக்குப் பின்னால் பர்வீன் அக்கா வந்தாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள், கடைசியில் தாசில்தார் ஐயாவே வந்து தன் பேரையும் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு பேர். என்னோடு சேர்த்தால் எட்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் எது சொன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'யெஸ் சிஸ்டர்' சொல்லத்தான் பழக்கியிருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் அதைச் சொல்லியே பரிசு வாங்கியவள் நான். சரிங்க சார் என்றேன். எட்டுப் பேருக்கும் பாஸ்வேர்டு வைக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொன்று வைத்தால் நானே குழம்பிப்போவேன் என்பதால், எனக்கு மறக்கவே மறக்காத ஒன்றை, என் மகளின் பெயரை, அதற்குப் பின்னால் ஒரு அட் குறியை, அதற்குப் பின்னால் அவள் பிறந்த வருஷத்தை, எட்டுப் பேருக்கும் ஒன்றுபோல வைத்துவிட்டேன்.

அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. பதிவறையில் இரண்டு இரும்பு ரேக்குகளுக்கு நடுவே என் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டி அவளைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ஸ்கேன் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கிலிமுத்து சாராக உள்ளே போக அவள் பெயரை அடித்தேன், பர்வீன் அக்காவாக உள்ளே போக அவள் பெயரை அடித்தேன், தாசில்தாராகப் போய் ஒப்புதல் கொடுக்க அவள் பெயரை அடித்தேன். ஒரு நாளைக்கு அறுபது தரம், எழுபது தரம் அவள் பெயரைத் தட்டித்தான் இந்தத் தாலுகாவின் புறம்போக்கும் நத்தமும், வாரிசுத் தகராறும் கண்மாய் ஆக்கிரமிப்பும், முதியோர் மனுவும் மயானப் பாதைச் சண்டையும் கம்ப்யூட்டருக்குள் போயின. நாலு மாதம் அப்படிப் போயின. ஐந்தாவது மாதம்தான் அந்தச் செருமல்.

விடிந்ததும் ஆபீசுக்குப் போய்ப் பர்வீன் அக்காவிடம் சொன்னேன். தொட்டிலுக்குள்ளிருந்து கிழவன் குரல் வந்ததை, மூன்றாவது நினைவூட்டு என்று பிள்ளை சொன்னதை, ராத்திரி முழுக்க நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லாம் சொன்னேன். பர்வீன் அக்கா நல்லவள். என் பேறுகாலத்தில் எனக்குக் கறிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்தவள். அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எந்த நம்பர் கோப்பு அது?" என்றாள்.

நம்பரைச் சொன்னேன். "அக்கா, பிள்ளை கிழவன் மாதிரி பேசுதுங்கேன்."

"பேசட்டும்டி. மூணு நாளா அந்தக் கோப்பத்தான் தேடிக்கிட்டிருக்கேன். சர்வர்ல சக்கரம் சுத்துதே ஒழியக் கோப்பு வரமாட்டேங்குது. எங்க, இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

தொட்டில் பக்கத்தில் குனிந்து நம்பரைச் சொன்னாள். அமலி பொம்மையைக் கீழே போட்டாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, தேதி விடாமல், யார் எழுதிய குறிப்போ அவர் குரலில், ஆம்பிளை எழுதியதென்றால் ஆம்பிளைக் குரலில், சளி பிடித்த நாளில் எழுதியிருந்தால் சளியோடு, சொல்லி முடித்தாள். பர்வீன் அக்கா எழுதிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். "என் ராசாத்தி. சர்வரெல்லாம் உன் கால்தூசிக்கு ஆகுமா."

அதற்குப் பிறகு ஒருவரும் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆளாளுக்கு நம்பர் எழுதிய துண்டுச்சீட்டோடு பதிவறை வாசலில் நின்றார்கள். தேன்மிட்டாய் கொண்டுவந்தார்கள், பலூன் கொண்டுவந்தார்கள், க்ரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து க்ரீம் உள்ள பாதியை நீட்டினார்கள். நம்பரை முழுசாகச் சொல்லிவிட்டால் போதும், அவள் வாயில் சோறு இருந்தாலும் துப்பிவிட்டுச் சொல்வாள், தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து உட்கார்ந்து சொல்வாள், கோப்பு முடிகிறவரை அவளால் நிறுத்த முடியாது. இருநூறு பக்கம் இருந்த ஒரு கண்மாய்க் கோப்பைக் காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை சொன்னாள். வீட்டுக்குத் தூக்கி வரும்போது அழக்கூட அவளுக்குக் குரல் இல்லை. பனங்கற்கண்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன்.

"கொஞ்சம் விட்டு விட்டுக் கேளுங்க சார், பிள்ளைக்குத் தொண்டை கட்டிருச்சு" என்று மறுநாள் சங்கிலிமுத்து சாரிடம் சொன்னேன்.

"அட, ஒரே ஒரு கோப்புதாம்மா" என்றார். "நான் இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான். மத்தவுக கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிரு."

எல்லோரும் ஒரே ஒரு கோப்புதான் கேட்டார்கள்.

கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஏழு பேர் பெயரிலும் கோப்புகள் நகர்ந்தன, ஏனென்றால் நகர்த்தியவள் நான். ஆவணி மாதம் முடிவதற்குள் எங்கள் ஆபீஸ் மாவட்டத்தில் முதலிடம். தாசில்தார் ஐயாவை உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிப் பையன் ஒருவர், அரசு ஊழியர்கள் மின்னணுப் பதிவு முறையை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கணக்கெடுக்க அச்சடித்த தாள்களோடு வந்தார். 'இந்த முறை என் வேலையை எளிதாக்கியுள்ளது.' 'இந்த முறையை நான் நம்புகிறேன்.' 'இந்த முறை இல்லாமல் இனி என்னால் பணிபுரிய இயலாது.' ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், கடைசிக் கட்டத்தில் 'முற்றிலும் ஏற்கிறேன்.' ஏழு பேரும் தாளை வாங்கி, படித்துப் பார்த்து, என் மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஏழு தாளிலும் கடைசிக் கட்டத்தில் நான் டிக் அடித்தேன். எட்டாவதாக என் தாளிலும் அடித்தேன். பக்கத்து அறையில் என் மகள் யாரோ செத்துப்போன கிராமக் கர்ணத்தின் குரலில் அடங்கல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் அதைக் கேட்டுவிட்டு, ரேடியோவா மேடம் என்றார். ஆமாம் என்றேன்.

கலெக்டர் ஆபீசுக்கும் விஷயம் தெரிந்தது. ஒருவரும் மலைக்கவில்லை. குழந்தையின் வாய்மொழி, சான்றிட்ட நகலுக்குச் சமமாகக் கொள்ளப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கும் ஒரு நம்பர் போட்டு, ஸ்கேன் செய்து, அவள் பெயரை அடித்து உள்ளே ஏற்றினேன்.

எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. பிள்ளைக்கென்று ஒரு சொல் இல்லை. பசித்தால் 'உரிய நடவடிக்கைக்காக' என்பாள், விழுந்து முட்டியில் ரத்தம் வந்தால் 'தகவலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்பாள். அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் நாக்கை அமுக்கிப் பார்த்தார், காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், "பேச்சு நல்லாத்தானே வருது, மத்த பிள்ளைகளவிடச் சுத்தமா வருது" என்றார். சீட்டு எழுதிக்கொண்டே, தன் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஆக்கிரமிப்பைப் பற்றி நாலு வருஷத்துக்கு முன் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டு, நம்பரும் சொன்னார். கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் சொன்னாரென்று கோயிலுக்குத் தூக்கிப் போனேன். சாமியார் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு, கல்லறைத் தோட்டத்து மேற்கு எல்லை சம்பந்தமாக ஒரு பழைய கோப்பு உண்டு, அதை மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா மகளே என்றார். பயந்துபோய் என் மாமியாரை ஊரிலிருந்து வரவழைத்தேன். பேத்தியை மடியில் போட்டு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அடுப்பில் மிளகாய் வெடிக்கும்போதே, "அந்தக் கொல்லைப்புறத்து மூணு சென்டு யார் பேர்ல இருக்குன்னு பிள்ளையக் கேளு. உங்க மாமா காலத்துலருந்து எனக்கு உறுத்தலா இருக்கு" என்றார்கள்.

கடைசியில், அவள் பெயரில் வைத்த அந்தப் பாஸ்வேர்டால்தான் இதெல்லாம் வந்ததோ என்று எனக்குத் தோன்றியது. என்னுடையதை அன்றைக்கே மாற்றினேன். மற்ற ஏழு பேரும் மாற்ற வேண்டுமென்றால் அவரவர் ஃபோனுக்கு வரும் நம்பரை எனக்குச் சொல்ல வேண்டும்.

"எதுக்கும்மா மாத்தணும்?" என்றார் சங்கிலிமுத்து சார். "இத நான் மனப்பாடம் பண்ணவே ரெண்டு மாசமாச்சு."

"நீங்க எங்க சார் மனப்பாடம் பண்ணீங்க? அடிக்கிறது நான்தான."

"அடிக்கிறது நீதான். மனசுக்குள்ள வச்சிருக்கோம்ல. அவசரத்துக்கு வேணும்ல" என்றவர், குரலைத் தணித்து, "பிள்ள பேரு நல்ல ராசியான பேரும்மா. நம்ம ஆபீசு முதலிடம் வந்துச்சே. அதப் போயி மாத்துவாகளா" என்றார்.

பர்வீன் அக்கா என் முகத்தைப் பார்த்து, "எல்லாரும் மாத்தட்டும்டி, நானும் மாத்துறேன்" என்றாள். ஒருவரும் மாற்றவில்லை.

ஐப்பசியில் இருளாண்டி வந்தார். மேலக்கரடு காலனிக்காரர். நாற்பத்திரண்டு வீட்டுக்கு மனைப்பட்டா கேட்டுத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் மனுக் கொடுத்தவர். அதற்குப் பிறகு எங்கள் ஆபீசின் ஒவ்வொரு மனுநீதி நாளுக்கும் ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தவர். காலனி இருக்கும் இடம் கல்குவாரிக்காரர் ஒருவர் பெயரில் இருப்பதாகத்தான் கோப்பு சொல்கிறதென்று அவருக்கு முப்பத்து மூன்று வருஷமாகப் பதில் சொல்லி வந்தோம். அவர் ஆபீஸ் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, பிஸ்கட்டுக்குக் கை நீட்டி வந்த அமலியிடம் தன் மனுவின் நம்பரைப் படித்துக் காட்டினார். சும்மா, பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்கிற மாதிரிதான் படித்தார்.

எட்டுப் பேரும் அங்கே நின்றிருந்தோம். பதினாலாம் பக்கம் முடிந்ததும் பதினைந்தாம் பக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். கோப்பில் பதினைந்தாம் பக்கம் கிடையாது. பதினாலுக்கு அடுத்துப் பதினாறு என்றுதான் நான் ஸ்கேன் செய்திருந்தேன். இருபத்தைந்து வயசு இளவட்டத்தின் குரல், மூச்சு வாங்காத, நல்ல கணீரென்ற குரல்: "தல ஆய்வு செய்யப்பட்டது. நாற்பத்திரண்டு குடும்பங்களும் மூன்று தலைமுறையாக இவ்விடத்தில் குடியிருப்பது உண்மை. மனைப்பட்டா வழங்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது." அப்புறம் இன்னொரு குரல், செத்துப்போன ஒரு தாசில்தாருடையது: "ஆம். வழங்குக." மறுபடி அந்த இளவட்டக் குரல், இப்போது சுருதி குறைந்து, பென்சிலால் ஓரத்தில் கிறுக்குகிற மாதிரி: "வாய்மொழி உத்தரவின் பேரில் இப்பக்கம் இன்று என்னால் கோப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. எழுதியவன் நானே, எடுப்பவனும் நானே. சங்கிலிமுத்து, இளநிலை உதவியாளர்." தேதியும் சொன்னாள்.

சங்கிலிமுத்து சார் தன் குரலைக் கேட்டபடி நின்றார். அவர் வாய் லேசாக அசைந்தது, அந்த வரியைக் கூடவே சொல்கிற மாதிரி. பிறகு அவர் உள்ளே போய் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

இருளாண்டி கலெக்டருக்கு மனுக் கொடுத்தார். விசாரணை அதிகாரி வந்தார். கோப்பின் அட்டையில் முப்பத்தொரு பக்கம் என்று எழுதியிருக்கிறது, கம்ப்யூட்டரில் முப்பது பக்கம்தான் இருக்கிறது, ஸ்கேன் செய்தது யார் என்று கேட்டார். என்னைக் கை காட்டினார்கள். சங்கிலிமுத்து பெயரில் கோப்பு ஏறிய நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். அவர் டீக்கடையில் இருந்தார். அவர் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படிம்மா கிடைத்தது என்றார். ஏழு பேரையும் ஒவ்வொருவராக என் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டார். ஏழு பேரும், ஒருவர்கூடப் பிசகாமல், பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்கக் கூடாதென்று பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள் சார், அதனால் நாங்கள் யாரிடமும் கொடுத்ததில்லை என்றார்கள். குழந்தை ஏதாவது சொன்னதா என்று கேட்டதற்கு, என்ன குழந்தை என்றார்கள். பர்வீன் அக்கா மட்டும் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பதினேழு பி குற்றக் குறிப்பாணை போட்டு என்னைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பதினைந்தாம் பக்கத்தை ஸ்கேன் செய்யும்போது களவாடியது முதல் குற்றச்சாட்டு. ஏழு பேரின் பாஸ்வேர்டைத் திருடியது இரண்டாவது. விளக்கம் கொடுக்கப் பத்து நாள். நிரூபணமானால் வேலை போகும், போலீஸ் கேஸும் ஆகும். ஜெயிலுக்குப் போனால் பிள்ளையை யார் வைத்திருப்பார்கள் என்று ராத்திரியெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஜெரால்டு ஸ்டே வண்டியில் இருப்பார். மாமியார் மூன்று சென்டைக் கேட்பார்கள்.

ஆனால் அந்த நாட்களில் வேறொன்று நடந்தது. பிள்ளை வீட்டில் இருந்தாள். ஒருவரும் வந்து நம்பர் சொல்லவில்லை. முதல் இரண்டு ராத்திரி தூக்கத்தில் யார் யாருடைய மூன்றாவது நினைவூட்டையோ முனகினாள். நாலாம் நாள் முனகல் நின்றது. ஆறாம் நாள், பல் விளக்கிவிடும்போது வாய்நிறைய நுரையோடு, ஒரு கோப்பிலும் இல்லாத ஒரு சத்தத்தைப் போட்டு, அது தன்னிடமிருந்துதான் வந்ததா என்று சுற்றிலும் தேடிவிட்டு, மறுபடி போட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் சன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்ததைக் காட்டி, "காக்கா" என்றாள். அவள் குரலில் சொன்னாள். மூக்கடைத்த மாதிரி, மெல்லிசாக ஒரு குரல். இரண்டரை வயசு வரை நான் கேட்டிராத குரல். நான் சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, மறுபடி மறுபடி அந்த ஒரே சொல்லைச் சொல்லிக் காட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் விசாரணை அதிகாரி ஃபோன் செய்தார். நல்ல மனுஷர், பெண் பிள்ளைகளைப் பெற்றவர். "நாளைக்குப் பத்து மணிக்கு விளக்கம் வரணும்மா. குழந்தையத் தூக்கிட்டு அலையணும்னு இல்ல. வீட்லயே வச்சு அந்த நம்பரச் சொல்லி ஃபோன்ல பதிஞ்சு கொண்டாங்க. அந்தப் பதினஞ்சாம் பக்கம் ஒண்ணு இருந்தாப் போதும், அது தொண்ணூத்தொண்ணுலயே எடுத்ததுன்னு ஆயிரும். உங்க பேர்ல ஒண்ணுமில்ல. வாய்மொழி செல்லும்னு லெட்டரே இருக்கே."

"திரும்பக் கேட்டா பிள்ளைக்கு எல்லாம் திரும்ப வந்துரும் சார். இன்னைக்குத்தான் ஒரு வார்த்தை பேசினா."

"ஒரு பக்கந்தாம்மா."

சாயங்காலம் இருளாண்டி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. அமலியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் தள்ளிப்போனார், தன் வாய்க்குத் தானே பயப்படுகிற மாதிரி.

"தாயி, நாளைக்கு விசாரணைன்னாக. பிள்ளையக் கேக்கப் போறியளோ?"

"தெரியலங்கய்யா. கேட்டா உங்களுக்கும் பட்டா கிடைக்கும்ல."

"கெடைக்கும்" என்றார். "எங்களுக்குக் காத்துக் கெடந்து பழக்கம். நான் அன்னைக்கு அந்த நம்பர வாசிச்சிருக்கக் கூடாது. பிள்ளை முகம் அப்படியே சுருங்கிப்போச்சு, நீங்கல்லாம் சங்கிலிமுத்து ஐயாவப் பாத்திய, நான் பிள்ளையத்தான் பாத்தேன். கேக்காதீக தாயி."

ராத்திரி ஜெரால்டு ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். பின்னால் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். "செலின், யோசிச்சுக்கிட்டே இருக்காத. இத்தனை பேரு கேட்டாங்கள்ல. பெத்தவ ஒரு தடவை கேட்டா என்ன ஆயிரப்போகுது."

ராத்திரி பத்து மணிக்கு அவளை என் முன்னால் பாயில் உட்கார வைத்தேன். தூக்கம் வராமல் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஃபோனில் பதிவுப் பொத்தானை அமுக்கித் தரையில் வைத்தேன். ஜெயிலை நினைத்தேன், தனியே நிற்கப்போகிற பிள்ளையை நினைத்தேன், இதெல்லாம் அவளுக்காகத்தான் என்று நினைத்தேன். சங்கிலிமுத்து சார் அன்றைக்குப் பென்சிலை எடுத்தபோது வீட்டில் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ.

"அமலிக்குட்டி" என்றேன். "அம்மாவுக்கு ஒரே ஒரு கோப்புதான்டா."

அவள் வளையலை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் "ந.க. இருபத்து மூணு" என்று தொடங்கியதும் எழுந்து வந்து, தன் உள்ளங்கையை என் வாய்மேல் வைத்தாள். சின்னக் கை. பிஸ்கட் மணம். அழுத்திக்கூட வைக்கவில்லை, கண்ணாமூச்சி விளையாட்டில் வைப்பதுபோல வைத்தாள். நான் நிறுத்திவிடுவேன் என்ற நம்பிக்கையோடு வைத்தாள்.

அந்தக் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, நம்பரை முழுசாகச் சொன்னேன்.

அவள் வாய் திறந்தது. உள்ளே எங்கோ அந்த இளவட்டக் குரல் மூச்சை இழுப்பதைக் கேட்டேன். அவள் உதட்டைக் கடித்து வாயை மூடினாள். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. நான் விழுந்தடித்து அவளைத் தூக்கப் போனபோது கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அழவில்லை. தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் மனுவை வாங்க மறுக்கும் எங்களைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு திரும்பி, அரணாக்கயிறு வயிற்றில் தொங்க, குட்டிக் கால்களால் தத்தித் தத்தி உள் அறைக்குப் போனாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"அமலி" என்றேன். "அம்மா இனிமே கேக்க மாட்டேன்டா. கதவத் தெற."

மறுபக்கம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. தரையில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலை பத்து மணிக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய அந்தப் பதிவில் என் குரல் இருக்கிறது, முழு நம்பரும் இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இருக்கிறது.